கர்த்தருக்கென்று ஒரு பிடி

ஐஸ்வாலில் விடியல் எங்களுக்குக் கீழேதான் தொடங்கும்.
மேகம் பள்ளத்தாக்கில் புரண்டு படுத்திருக்க
நான் மேலே, தகரக் கூரைக்கடியில்
அரிசி அளக்கிறேன்.
காதுடைந்த பீங்கான் கோப்பை,
கல்யாணத்துக்கு வந்த ஆறில் மிஞ்சிய ஒன்று.

அளந்ததிலிருந்து ஒரு பிடி
கர்த்தருக்கு,
அடுப்போரத்து பிஸ்கட் டப்பாவில்.
வாரம் ஒருமுறை சபைப் பெண்கள் வந்து
நிறுத்து வாங்கிப் போவார்கள்.
இந்த மலை முழுக்க இப்படித்தான்,
உலை வைக்கும்போதெல்லாம்.

முதலில் இரண்டு கோப்பை. நானும் பியாக்தங்காவும்.
ருவாதா பிறந்தான், என் பெயர் கழன்று விழுந்தது.
தண்ணீர் லாரி வரிசையில், பாட்டுக்குழுவில்,
ரேஷன் கடையில்கூட நான் ருவாதா நூ,
ருவாதாவின் அம்மா.
அவன் சோறு தின்னப் பழகியதும் இரண்டரை.
ஸோடினி வந்தபின் மூன்று.
முவானிக்குப் பல் முளைத்ததும் மூன்றரை.
தேதிகள் எனக்கு நிற்காது. கோப்பைக் கணக்கு நிற்கும்.

நாலு வயதில் ருவாதா டப்பாவை முறைத்துக் கேட்டான்:
"கர்த்தர் வெறும் சோறா சாப்பிடுவார்?"
அந்த வாரம் நிறுக்க வந்தவர்கள் டப்பாவைக் கவிழ்த்தால்
அரிசியோடு விழுந்தது
புகையில் வாட்டிய பன்றித்துண்டு ஒன்று,
ஓரத்தில் கொஞ்சம் கடித்திருந்தது.
அவனை மேசையில் ஏற்றி நிறுத்தி
அவர்கள் சிரித்த சிரிப்பு
அவன் ஞானஸ்நானத்தன்று பாடிய பாட்டைவிட
எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சாலை சரிந்த வருஷம் ஒன்று உண்டு.
பியாக்தங்காவின் சுமோ ஒரு மாதம் நகரவில்லை.
ஒரு மாலை அரைக் கோப்பை அரிசி.
பிடி எடுத்தேன்.
கையைப் பார்த்தேன்.
பானைக்குள்ளேயே திறந்துவிட்டேன்.
அப்படிப் பதினோரு நாள், இருவேளை.

வாரக்கடைசியில் தராசு வந்தபோது
நான் தண்ணீருக்குப் போயிருந்தேன், வேண்டுமென்றே.
ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நன்றிசெலுத்துதலைப் பற்றி.
பாட்டுப்புத்தகத்தில் பக்கம் தேடுகிறவள்போல
கடைசிவரை குனிந்தே இருந்தேன்.

பாதை திறந்ததும் திருப்பிக் கட்டினேன்,
வேளைக்கு இரண்டு பிடியாக.
இருபத்திரண்டு முடிந்ததா, தாண்டியதா,
எங்கோ எண்ணிக்கை நழுவிவிட்டது.
நான் கேட்கவில்லை. அவரும்
நினைவுபடுத்தவில்லை.
ஜெபம் என்று நான் அறிந்ததில் பாதி இதுதான்:
யாரும் பேசாத ஒரு சமையலறை,
இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு கடன்.

இப்போது ருவாதா பட்டாளத்தில்,
பனி விழும் ஏதோ எல்லையில்.
ஸோடினி குவாஹாத்தியில் நர்ஸ்.
முவானி பத்தாவது தேறிவிட்டாள்,
கணக்கில் மட்டும் கர்த்தரின் கிருபை.
கோப்பை திரும்ப இரண்டரைக்கு இறங்கிவிட்டது.
கைதான் இறங்க மறுக்கிறது,
பக்கத்து வீட்டு நாய் கொழுத்துவிட்டது.

நேற்றிரவு ஸோடினியிடமிருந்து ஒரு போட்டோ.
ஹாஸ்டல் மெஸ்ஸை விட்டுவிட்டாள்.
வாடகை அறை, புதுக் குக்கர், முதல் சோறு.
உள்ளங்கையில் ஒரு பிடி அரிசியை ஏந்தி,
"அம்மா, இங்கே யாரும் வாங்க வரமாட்டார்கள்,
எங்கே போடட்டும்?"

தொண்டையை என்னவோ செய்தது.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
படத்தைப் பெரிதாக்கினேன்,
அரிசியில் கல் கிடக்கிறதா பார்க்கலாமென்று.
கல் இல்லை.
விரலில் ஒரு மோதிரம்.

பியாக்தங்காவை எழுப்பவில்லை.
"யார் அவன்?" என்று தட்டினேன். அழித்தேன்.
"ஜெபிக்கிற பையனா?" அதையும் அழித்தேன்.
சுவர்க்கடிகாரம் என்னைவிடப் பொறுமையாக இருந்தது.
கடைசியில் அனுப்பியது:
"ஒரு டப்பா வாங்கி வை. அந்தப் பையன்
சோறு நன்றாகச் சாப்பிடுவானா?"

பார்த்துவிட்டாள். பதில் எழுதுகிறாள்.
நிறுத்தினாள். மறுபடி எழுதுகிறாள்.
அப்படியே தூங்கிப்போனாள்போல.

இதோ காலை. மேகம் இன்னும் எழவில்லை.
மூன்று கோப்பை அளந்திருக்கிறேன்,
கை கேட்கவில்லை.
டப்பாவில் ஒரு பிடி.
அப்புறம், பேர் தெரியாத பிள்ளையே,
உன் பேரில் இன்னொன்று.
திருப்பித் தர அவசரமில்லை.